மரண அறிவித்தலில் இருந்த ஓட்டை

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சுற்றி வளைக்காமல் நேராகவே கேட்டாய்: "அப்பா, எங்கட கலியாண எழுத்துக்கு வாறீங்களா, இல்லையா?" நான், "சைட்டில ஒரு ஓட்டை தம்பி, அதை அடைச்சுக்கொண்டு இருக்கிறன்," என்றேன். "சரி, அடையுங்கோ," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். நான் நழுவுகிறேன் என்று நினைத்திருப்பாய். பாதி உண்மைதான். மற்றப் பாதியும் உண்மை: ஓட்டை இருந்தது, நான் அதை அடைத்துக்கொண்டும் இருந்தேன். கொழும்பில் நீ இருக்கும் ஹெவ்லொக் டவுனுக்கும் எங்கள் வெள்ளவத்தைக்கும் இடையில் நடந்தே வந்து போகலாம், ஆனாலும் கடிதம்தான் எழுதுகிறேன். நேரில் கதைத்தால் நான் இடையில் கோபப்படுவேன், நீ இடையில் போனைப் பார்ப்பாய், அம்மா இடையில் ரீ போட்டுக்கொண்டு வந்து கதையை மாற்றிவிடுவாள். ஆகவே இந்த ஓட்டையின் கதையை முழுதாகக் கேள். உன் கேள்விக்கான பதிலும் இதற்குள்ளேதான் வருகிறது.

நான் நடத்தும் மரண அறிவித்தல் சைட்டைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் உன்னை "செத்தவீட்டு வெப்சைட்" என்று கூப்பிட்டார்கள் என்று ஒருநாள் சாப்பிடாமல் படுத்தாய். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் சனம் உலகம் முழுக்கச் சிதறிப் போனபிறகு, ஒரு மரணம் நடந்தால் ரொறொன்ரோவிலும் பாரிஸிலும் இருப்பவர்கள் அன்றைக்கே அறியவேண்டும். அதற்காகத்தான் காலி வீதியில் பின்னேர வகுப்புக்குப் போய், உன் வயதுப் பிள்ளைகளோடு வாங்கில் இருந்து பிஎச்பி என்ற கொம்பியூட்டர் மொழியைப் படித்தேன். படித்தது கொஞ்சம், பிழைவிட்டுப் பழகியது அதிகம். இந்த வேலையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. செத்தவரின் பெயரைப் பிழையாகப் போட்டால்கூட மன்னிப்பார்கள். "அன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் அன்பு மாமனாரும் ஆவார்" என்று வரும் வரிசையில் ஒரு மருமகனின் பெயர் விடுபட்டுவிட்டால் போச்சு. அந்த மருமகன் செத்தவீட்டுக்கு வரமாட்டான். வந்தாலும் சாப்பிடமாட்டான். ஒரு பெயருக்காக அண்ணன் தம்பி கதைக்காமல் போன குடும்பங்களை நான் அறிவேன்.

அதனால் அறிவித்தல் போட்ட அடுத்த கணமே போன் அடிக்கத் தொடங்கும். "ஐயா, சின்னக்காவின்ர பேரன் விடுபட்டுப் போனான்." "ஐயா, மாமாவுக்கு முதல் சித்தப்பா வரவேணும்." நான் குளிக்கவும் ஏலாது, சாப்பிடவும் ஏலாது. ஆகவே ஒரு வழி செய்தேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு லிங்க் வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அதைத் திறந்தால் அவர்களே தங்கள் அறிவித்தலில் பெயர்களைச் சேர்க்கலாம், திருத்தலாம். பாஸ்வேர்ட் கேட்கவில்லை. அப்பா செத்துக் கிடக்கும்போது எந்தப் பிள்ளைக்குப் பாஸ்வேர்ட் நினைவிருக்கும்? இரக்கப்பட்டுத்தான் அப்படிச் செய்தேன். பெருமையாகவும் இருந்தது. அந்த இரக்கத்துக்குள்ளேதான் ஓட்டை இருந்தது.

இந்த முறை வந்தது கொட்டாஞ்சேனையில் புடைவைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவரின் அறிவித்தல். இப்போது கடையைப் பார்க்கும் மூத்தமகன்தான் விவரங்களை அனுப்பினார், லிங்கும் அவருக்குத்தான் போனது. செத்தவீடு முடிந்த மறுநாள் அவர் போன் எடுத்தார்.

"ஐயா, எங்கட அப்பான்ர அறிவித்தலுக்குள்ள ஆரோ பூந்து ஒரு பேரைப் போட்டிருக்கினம்."

"ஆற்ற பேர்?"

"வதனி எண்டு. மகள் எண்டு போட்டுக் கிடக்கு."

"அது ஆர் தம்பி?"

"அப்பிடி ஒருத்தரும் எங்கட வீட்டில இல்லை."

அவர் அதைச் சொன்ன விதத்திலேயே அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. இல்லாத ஒருத்திக்காக யாரும் அவ்வளவு கோபப்படுவதில்லை. அவர் பெயரை எடுத்துவிட்டார். அது திரும்பவும் வந்தது. திரும்பவும் எடுத்தார், திரும்பவும் வந்தது. முப்பத்தோராம் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றைய அந்தியேட்டிக் கிரியைக்கான அழைப்பும் அதே பக்கத்தில்தான் வரும், வெளிநாட்டுச் சொந்தம் எல்லாம் மறுபடி அதைத் திறக்கும். "அதுக்கு முதல் இதைச் சரிப்பண்ணுங்கோ. இல்லாட்டி உங்கட சைட்டை நம்பி ஒருத்தரும் செத்தவீடு குடுக்காதேங்கோ எண்டு ஊர் முழுக்கச் சொல்லுவன்," என்றார். செத்தவீடு கொடுப்பது என்று ஒரு பேச்சு இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

எனக்குப் பயம்தான், ஒளிப்பானேன். ஆனால் அதைவிட அதிகமாக, எப்படி உள்ளே வருகிறார்கள் என்று அறியும் ஆசை. உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் நீ ரேடியோவைக் கழற்றிப் போட்டபோது அம்மா கத்தினாள், நான் உன்னோடு சேர்ந்து குந்தியிருந்து உள்ளே பார்த்தேன். அந்தக் குணம் இன்னும் போகவில்லை. முதலில் இது ரஷ்யாவிலிருந்து எவனோ செய்கிற வேலை என்று நினைத்து என் பாஸ்வேர்டை மாற்றினேன். அந்தப் பெயர் அன்று பின்னேரமே திரும்ப வந்து நின்றது. ரஷ்யாக்காரனுக்குக் கொட்டாஞ்சேனை வதனி மேல் என்ன அக்கறை என்று அம்மா கேட்டாள். நல்ல கேள்விதான்.

பிறகு பிஎச்பியைப் பார்த்தேன். அது ஒரு பழைய பதிப்பு. பழசாகிப்போன பதிப்புக்கு அதைச் செய்தவர்களே திருத்தம் அனுப்புவதை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு அதில் என்ன ஓட்டை கண்டுபிடித்தாலும் அது அப்படியே கிடக்கும், கெட்டவனுக்கு மட்டும் அது தெரிந்திருக்கும். வேலை செய்கிறதுதானே, ஏன் தொடவேண்டும் என்று நான் வருசக்கணக்காக விட்டிருந்தேன். நேரே சைட்டில் கை வைக்காமல் வீட்டுக் கொம்பியூட்டரில் ஒரு பிரதி எடுத்துவைத்துப் புதிய பதிப்பை ஏற்றினேன். பாதிப் பக்கங்கள் வெறும் வெள்ளையாக வந்தன. புதியது பழைய கட்டளைகளில் சிலவற்றைத் தூக்கி எறிந்திருந்தது. ஒவ்வொன்றாகத் தேடி மாற்றி எழுதினேன். சரிவந்த பிறகுதான் உண்மையான சைட்டில் ஏற்றினேன். அந்தச் சாக்கில் அனுதாபப் பெட்டியில் இன்னொன்று அகப்பட்டது. ஆட்கள் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று எழுதும் இடத்தில் யாராவது ஒரு சின்ன நிரலை, அதாவது கொம்பியூட்டருக்கான கட்டளையை, எழுதி அனுப்பினால், அந்தப் பக்கத்தைத் திறக்கும் அத்தனை பேருடைய போனிலும் அது ஓடும்! இவ்வளவு காலமும் ஒருத்தரும் அதைச் செய்யாதது எங்கள் சனத்தின் நல்ல குணமா, அல்லது தெரியாத குறையா என்று யோசித்தேன். எழுதுவதை எழுத்தாக மட்டும் காட்டும்படி, கட்டளையாக எடுக்காதபடி திருத்தினேன். இதெல்லாம் நல்ல வேலைகள். ஆனால் வதனியின் பெயர் இதில் ஒன்றாலும் வரவில்லை, ஏனென்றால் எல்லாம் முடிந்து ரீ குடிக்க எழும்பும்போது அது மறுபடி வந்திருந்தது.

அப்போதுதான் அந்தக் கடைக்காரருக்கு அனுப்பிய லிங்கையே எடுத்து உற்றுப் பார்த்தேன். அதன் கடைசியில் அறிவித்தலின் இலக்கம் இருந்தது. சும்மா, பொழுதுபோக்குக்கு, அந்த இலக்கத்தில் ஒன்றைக் கூட்டினேன். இன்னொரு குடும்பத்தின் அறிவித்தல் திறந்தது, திருத்து என்ற பொத்தானோடு. ஒன்றைக் குறைத்தேன், வேறொன்று திறந்தது. நான் போட்ட அறிவித்தல் எல்லாவற்றையும், இத்தனை வருசத்துச் சாவுகளையும், எண்ணத் தெரிந்த யாரும் திருத்தலாம். எனக்கு வியர்த்தது. அதேநேரம், வெட்கமில்லாமல் சொல்கிறேன், சிரிப்பும் வந்தது. ஒருவரும் எதையும் உடைக்கவில்லை, நான்தான் திறந்து வைத்திருக்கிறேன்.

எங்கள் பிளாட்டின் வாசலில் இருக்கும் வோச்சர் அங்கிளைத் தெரியும்தானே. யார் வந்தாலும் "எந்த வீடு?" என்று கேட்பார். ஒரு இலக்கத்தைச் சொன்னால் போதும், மேலே விட்டுவிடுவார். அந்த வீட்டுக்காரர் இவரை அறிவாரா என்று கேட்கமாட்டார். என் நிரலும் அதையேதான் செய்தது. ஆகவே திருத்தம் என்னவென்றால், இலக்கத்துக்குப் பதிலாக ஒருவரும் ஊகிக்க முடியாத நீளமான எழுத்துக்கோவை ஒன்றை ஒவ்வொரு லிங்குக்கும் கொடுப்பது, பழைய லிங்குகள் எல்லாவற்றையும் செல்லாமல் ஆக்குவது. அதோடு, ஒவ்வொரு முறையும் "இந்த ஆளுக்கு இந்த அறிவித்தலைத் தொட அனுமதி இருக்கிறதா?" என்று சர்வரிலேயே கேட்பது. பொத்தானை ஒளித்துவிட்டால் மட்டும் போதாது, பொத்தான் இல்லாமலும் உள்ளே வரத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். திருத்தத்தைச் சேமிக்கும்போது குடும்பத்தவர் தந்த போன் நம்பருக்கு ஒரு குறியீடு போகும், அதை அடித்தால்தான் மாறும். பாஸ்வேர்ட் நினைவில் வைக்கத் தேவையில்லை. அதுதான் நான் கண்டுபிடித்த சமரசம். வோச்சர் இப்போது மேலே போன் எடுத்துக் கேட்கிறார்.

ஏற்றினேன். கடைக்காரரிடம் சொன்னேன். "நல்லது ஐயா," என்று பெயரை எடுத்தார். அது திரும்ப வரவில்லை. நான் வென்றவன் மாதிரி அம்மாவிடம் வந்து சொன்னேன். மறுநாள் காலையில் சைட்டில் போட்டிருக்கும் என் நம்பருக்கு ஒரு கோல் வந்தது.

"அங்கிள், திருத்துற லிங்க் நேற்றிலயிருந்து வேலை செய்யுதில்லை. சைட்டில ஏதும் பிரச்சினையோ?"

"ஆர் பிள்ளை கதைக்கிறது?"

"வதனி."

இந்த உலகத்தில் எத்தனை பேருக்கு, தாங்கள் துரத்திக்கொண்டிருக்கும் ஹெக்கர் தானே போன் எடுத்து முறைப்பாடு சொல்லியிருப்பான்? அவள் தான் செய்ததைக் களவு என்று நினைக்கவேயில்லை. எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "போன வருசம் என்ர மாமியார் மோசம் போகேக்க நீங்கள்தான் அறிவித்தல் போட்டனீங்கள். லிங்க் என்ர போனுக்குத்தான் வந்தது. அப்பாவின்ர பக்கத்தில கீழ ஒரு நம்பர் இருந்தது. அதை என்ர லிங்கின்ர கடைசியில போட்டுப் பாத்தன், திறந்தது. நான் ஒண்டையும் அழிக்கேல்ல அங்கிள். என்ர பேரை மட்டும்தான் போட்டனான்," என்றாள்.

அவள் மட்டக்குளியில் இருக்கிறாள், தம்பி. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறினால் இருந்து எழும்புமுன் வந்துவிடும் தூரம். கணவன் மீன்பிடிக்கிற குடும்பம், கிறிஸ்தவ வேதக்காரர். தானே விரும்பிக் கலியாணம் செய்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வீட்டில் இடமில்லை. "செத்தவீட்டுக்குப் போனனான். அண்ணா வாசலில நிண்டார். நான் றோட்டில நிண்டு பாத்திட்டு வந்திட்டன். பேராவது கிடக்கட்டும் எண்டுதான்..." என்று இழுத்தாள். பிறகு கேட்டாள்: "இனி ஏலாதோ அங்கிள்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பாதுகாப்புப் பாடத்தில் சொல்வதுபடி அவள் அத்துமீறி உள்ளே வந்தவள், அண்ணன் அனுமதி உள்ளவர். ஆனால் உள்ளே வந்தவள் எழுதியது உண்மை, அனுமதி உள்ளவர் அழித்ததும் அந்த உண்மையைத்தான். யாருக்கு அனுமதி என்று நிரல் கேட்கும், நான் யாரைச் சொல்கிறேனோ அவரை ஏற்றுக்கொள்ளும். ஒரு மனிதனுக்கு மகளாக இருக்க யார் அனுமதி தரவேண்டும் என்று அதற்குத் தெரியாது. நான் நினைத்திருந்தால் பின்பக்கத்தால் அவள் பெயரைப் போட்டிருக்கலாம், எனக்குத்தான் எல்லாக் கதவுக்கும் திறப்பு இருக்கிறதே. போடவில்லை. இன்றைக்கு நல்ல காரணத்துக்காகப் போட்டால், நாளைக்கு என்னை நம்பி அறிவித்தல் தரும் வீட்டுக்கு நானே ஓட்டையாகிவிடுவேன்.

ஆகவே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரம். அண்ணன்காரர் எனக்குக் குளிர்ச்சியாகக் குடிக்க எடுப்பித்தார், நன்றி சொன்னார். நான், "ஓட்டை என்ர பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா உள்ள வந்தது வேற ஆக்கள் இல்லை, உங்கட தங்கச்சி," என்றேன். "தெரியும்," என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துகொண்டேதான் என்னை விரட்டியிருக்கிறார். "இப்ப கதவு பூட்டியாச்சு, திறப்பு உங்களிட்ட மட்டும்தான் இருக்கு. முப்பத்தோண்டுக்கு முதல் ஒருக்கா யோசியுங்கோ," என்றேன். அவர் துணியை மடித்துக்கொண்டே, "ஐயா, உங்களுக்கும் ஒரு மகன் இருக்கிறார்தானே? ஆரோ சிங்களப் பிள்ளையாம் எண்டு கேள்விப்பட்டன். நீங்கள் யோசிச்சிட்டீங்களோ?" என்றார். வெள்ளவத்தைக் கதை கொட்டாஞ்சேனைக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்! நான் எழும்பி வந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கோபம். முதலில் அவர்மேல், பம்பலப்பிட்டி தாண்டியபிறகு என்மேல்.

முப்பத்தோராம் நாள் வந்துபோயிற்று. அவர் பெயரைச் சேர்க்கவில்லை. வதனிக்கு நான்தான் சொன்னேன், அனுதாபப் பெட்டி யாருக்கும் திறந்தது, அதில் எழுத ஒருவருடைய அனுமதியும் தேவையில்லை என்று. அவள் எழுதினாள்: "அப்பா, போயிட்டு வாங்கோ. மகள் வதனி." அண்ணன்காரர் அதை எடுக்கச் சொல்லி மெசேஜ் அனுப்பினார். வசவு இருந்தால் எடுப்பேன், இதில் வசவு இல்லை என்று பதில் போட்டேன். அதன்பிறகு அவர் கதைக்கவில்லை. கீழே, நூற்றுக்கணக்கான அனுதாபங்களுக்கு நடுவில், அவள் பெயர் இருக்கிறது. மேலே, தந்தையும் என்ற வரியில், இல்லை. சைட் இப்போது பத்திரமாக இருக்கிறது, என் வேலையைச் சரியாகத்தான் செய்தேன். மனது சரியில்லை.

உன்னுடைய தினுஷி எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தாள்தானே. நீ சமையலறையில் நின்றாய். அவள் எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, உடைந்த தமிழில், அறிவித்தலில் பெயர்களை எந்த ஒழுங்கில் போடுவீங்க அங்கிள் என்று கேட்டாள். என் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவள்தான். நான் டீவியைப் பார்த்துக்கொண்டு "வயசுப்படி" என்றதோடு நிறுத்திவிட்டேன். எனக்குள் இருந்தது என்ன என்று உனக்குத் தெரியும். எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றவர்களை நினைவிருக்கிறது என்று உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு எங்களைத் தன் அறைக்குள் விட்டுப் பூட்டிவிட்டு வாசலில் கதிரை போட்டு இருந்த பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவையும் எனக்கு நினைவிருக்கிறது. அதை உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்றுதான். புதிய குறியீட்டு முறையை ஏற்றுவதற்கு முன் வீட்டுக் கொம்பியூட்டரில் பரிசோதிக்க எனக்கு ஒரு மரண அறிவித்தல் தேவைப்பட்டது. உயிரோடிருக்கும் வேறொருவர் பெயரைப் போட மனம் வரவில்லை, அதனால் என் பெயரையே போட்டேன். அம்மா பின்னால் வந்து கண்டுவிட்டு, "உயிரோட இருக்கிற மனிசன் செய்யிற வேலையோ இது!" என்று கத்தினாள். அவளின் அன்புக் கணவரும் என்று அடித்தேன். உன்னுடைய பாசமிகு தந்தையும் என்று அடித்தேன். அன்பு மாமனாரும் என்ற பெட்டி வந்தது. கை நின்றது. வெறுமையாக விட்டுப் பொத்தானை அமத்தினேன். என் நிரல் ஒன்றும் கேட்கவில்லை, சரி என்று ஏற்றுக்கொண்டது. திரையில் அந்த வரி இல்லாமல் என் சாவு முழுமையாகத்தான் தெரிந்தது. அன்றைக்கு அதை அப்படியே விட்டுவிட்டேன். நேற்று இரவு அதைத் திரும்பத் திறந்து, அந்தப் பெட்டியில் தினுஷி என்று அடித்தேன். என் போனுக்குக் குறியீடு வந்தது. அடித்தேன். மாறியது.

எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்க நீ இன்னும் ஆள் தேடுகிறாய் என்று அம்மா சொன்னாள். தேடாதே. நான் வருகிறேன்.

அப்பா